கிரே இப்போது யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகின் வேகமான சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியல் வெளியாகும்போதெல்லாம் 'எச்பிஇ கிரே' என்ற பெயர் கண்ணில் படும். ஒரு காலத்தில் சூப்பர் கம்ப்யூட்டர் என்றாலே கிரேதான். அந்தக் கிரேவை யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள், நடுவில் கைமாறியது என்ன என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

கிரே கம்பெனி இன்னும் இருக்கிறதா?

தனிக் கம்பெனியாக இல்லை. 2019 செப்டம்பரில் ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ், சுருக்கமாக எச்பிஇ, அதை வாங்கிவிட்டது. பெயர் மட்டும் இயந்திரங்களின் மேல் தொடர்கிறது.

கிரே ரிசர்ச், கிரே கம்ப்யூட்டர், கிரே இன்க் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். கிரே ரிசர்ச் என்பது 1972-இல் சீமோர் கிரே தொடங்கியது. கிரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் 1989-இல் அதிலிருந்து பிரிந்தது. அவரும் அதனுடன் போய்விட்டார். கிரே இன்க் என்பது 2000-இல் வேறொரு கம்பெனி சூட்டிக்கொண்ட பெயர். அதில் சீமோர் கிரே ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

சீமோர் கிரே யார்? ஏன் அடிக்கடி கம்பெனி மாறினார்?

1925-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் சிப்பெவா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1950-களின் தொடக்கத்தில் மின்னசோட்டாவில் என்ஜினியரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்து கொஞ்ச நாளில் அதை ரெமிங்டன் ராண்ட் வாங்கியது. 1955-இல் ரெமிங்டன் ராண்டும் ஸ்பெர்ரியும் இணைந்தன. ஆக, பின்னாளில் தன் கம்பெனிக்கு நடக்கப்போவதை அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே ஒருமுறை பார்த்துவிட்டார்: பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை வாங்கும், அப்புறம் எதற்காக வாங்கினோம் என்பதை மறந்துவிடும்.

அந்தச் சலிப்பில் 1957-இல் வில்லியம் நோரிஸ் தலைமையில் சிலர் வெளியேறி கன்ட்ரோல் டேட்டா கம்பெனியைத் தொடங்கினார்கள். கிரேவும் போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே அவர் வடிவமைத்த 6600 என்ற கணினி 1964-இல் வெளிவந்தபோது அதற்கு இணையான வேகம் உலகில் எதற்கும் இல்லை. முந்தைய ஆண்டு அதன் அறிவிப்பைக் கேள்விப்பட்டதுமே ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் தம் அதிகாரிகளுக்கு எழுதிய காட்டமான குறிப்பு புகழ்பெற்றது. துப்புரவு செய்பவரையும் சேர்த்து 34 பேர் மட்டுமே இருக்கும் ஓர் ஆய்வகத்திடம் இவ்வளவு பெரிய நாம் எப்படித் தோற்றோம் என்பது அவர் கேள்வி. 34 பேர்தான் இருந்தார்கள் என்பதே பதில் என்கிற பொருளில் கிரே சொன்னதாகச் சொல்வார்கள்.

கன்ட்ரோல் டேட்டா தன் போட்டிக் கம்பெனிக்குத் தானே பணம் கொடுத்ததாமே?

கொடுத்தது. 8600 என்ற அடுத்த இயந்திரம் சிக்கலில் மாட்டியது. வேறொரு திட்டத்துக்கும் காசு போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கட்டாது என்று நோரிஸ் சொல்ல, கிரே 1972-இல் விலகினார். விலகியவருக்குக் கன்ட்ரோல் டேட்டாவே சில லட்சம் டாலர் முதலீடாகத் தந்தது. சண்டை போட்டுப் பிரியவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு கணினிகூட விற்காத நிலையில் 1976-இல் கிரே ரிசர்ச் பங்குச்சந்தைக்குப் போனது. வாங்க ஆள் இருந்தது. வாங்கியவர்கள் நம்பியது சீமோர் கிரே என்ற ஒரு மனிதரை. அந்தப் பெயருக்கு விலை உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

கிரே-1 கணினியைச் சுற்றி உட்கார சோபா இருந்தது உண்மையா?

உண்மை. மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்துப் போல வளைந்து நிற்கும் ஆளுயரக் கோபுரம், அடியில் தோல் உறை போட்ட வட்டத் திண்ணை. பார்ப்பதற்கு ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் போட்டது மாதிரி இருக்கும். அந்தத் திண்ணைக்குள் இருந்தது மின்சாரம் வழங்கும் கருவிகள். வளைவும் அழகுக்காக இல்லை. கணினியின் துடிப்பு 12.5 நானோ வினாடிக்கு ஒன்று. ஒரு நானோ வினாடியில் மின் சமிக்ஞை கம்பியில் ஓர் அடிகூட ஓடாது. எனவே எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேல் போகக் கூடாது. வளைத்து வைத்தால் உள்பக்கத்தில் எல்லாம் நெருங்கி வரும். அந்த உள்பக்கத்தில் பாய் பின்னியது போல ஆயிரக்கணக்கான கம்பிகள். அவற்றை இணைத்தது கைவேலைதான். பெரும்பாலும் சிப்பெவா ஃபால்ஸ் வட்டாரத்துப் பெண்கள்.

எடை 5 டன்னுக்கு மேல். உச்ச வேகம் வினாடிக்கு 16 கோடி கணக்குகள். முதல் இயந்திரம் 1976-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு சோதனை ஓட்டத்துக்காகப் போனது. காசு கொடுத்து வாங்கிய முதல் வாடிக்கையாளர் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம். இந்த மையத்தை நினைவில் வையுங்கள், திரும்பத் திரும்ப வரும். ஒரு டஜன் விற்றாலே பெரிது என்று நினைத்த கணினி 80-க்கு மேல் விற்றது.

நன்றாகப் போன கம்பெனி 1989-இல் ஏன் உடைந்தது?

சீமோர் கிரேவுக்கு நிர்வாகத்தில் ஈடுபாடு கிடையாது. தலைமைப் பொறுப்பை ஜான் ரோல்வாகனிடம் விட்டுவிட்டு வடிவமைப்பில் மூழ்கினார். வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது அவர் பொழுதுபோக்கு என்று ரோல்வாகன் சொன்ன கதைகூட உண்டு. அவர் கிரே-2 செய்துகொண்டிருந்த நேரத்தில், ஸ்டீவ் சென் என்ற இன்னொரு பொறியாளர் 1982-இல் எக்ஸ்-எம்பி என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். சந்தையில் ஓடியது அதுதான். கம்பெனிக்குள்ளேயே இரண்டு அடுப்பு எரிந்தது.

சிலிக்கானை விட்டுவிட்டு காலியம் ஆர்சனைடு சில்லுகளில் கிரே-3 செய்வேன் என்றார் சீமோர். செலவு எகிறியது. இரண்டையும் தாங்க முடியாமல் அவரையும் திட்டத்தையும் தனிக் கம்பெனியாகப் பிரித்து, சுமார் 10 கோடி டாலர் உதவியும் உறுதியளித்து அனுப்பினார்கள். 1972-இல் நடந்ததன் மறுபதிப்புதான். இந்த முறை விடைபெற்றுப் போனவர் விட்டுச் சென்றது தன் பெயரையே தாங்கிய கம்பெனியை.

கொலராடோ ஸ்பிரிங்ஸில் கிரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் தடுமாறியது. பனிப்போர் முடிந்து அரசு ஆய்வகங்கள் கையைச் சுருக்கிய நேரம். லிவர்மோர் ஆய்வகம் கொடுத்திருந்த ஆர்டரை 1991-இல் ரத்து செய்தது. வெளியே போன கிரே-3 ஒன்றே ஒன்று, 1993-இல், அதே வளிமண்டல ஆய்வு மையத்துக்கு. 1995 மார்ச்சில் கம்பெனி திவால். சீமோர் அதற்கும் அசரவில்லை. 1996-இல் எஸ்ஆர்சி என்று இன்னொன்று தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் கார் விபத்தில் சிக்கி, அக்டோபர் 5 அன்று இறந்தார். வயது 71.

கிரே ரிசர்ச் மற்ற கம்பெனிகளை வாங்கியதா?

வாங்கியது. 1990-இல் சூப்பர்டெக். கிரேவுக்கு ஒத்துப்போகும் சின்னக் கணினிகளைச் செய்துகொண்டிருந்த கம்பெனி. 1991-இல், நொடித்துப்போன ஃபுளோட்டிங் பாயின்ட் சிஸ்டம்ஸின் சொத்துகள். இரண்டாவதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சன் கம்பெனியின் ஸ்பார்க் சில்லுகளை வைத்து வணிக சர்வர் செய்யும் ஒரு குழு அதில் வந்து சேர்ந்தது. வானிலையும் அணுகுண்டும் கணக்குப் போடும் வீட்டில் வங்கிக் கணக்குப் போடும் பிள்ளை. அந்தப் பிள்ளை என்ன ஆனான் என்பது சற்றுக் கீழே.

சிலிக்கான் கிராபிக்ஸ் ஏன் கிரேவை வாங்கியது?

1996-இல் சிலிக்கான் கிராபிக்ஸ், அதாவது எஸ்ஜிஐ, நல்ல உச்சத்தில் இருந்தது. ஹாலிவுட் கிராபிக்ஸ் வேலைகளெல்லாம் அவர்கள் இயந்திரத்தில்தான். பெரிய கணினிச் சந்தையிலும் கால் வைக்க ஆசை. சுமார் 74 கோடி டாலருக்குக் கிரே ரிசர்ச்சை வாங்கினார்கள். பெயர், அரசு வாடிக்கையாளர்கள், பொறியாளர்கள் மூன்றும் ஒரே அடியில் கிடைத்தன.

ஆனால் எஸ்ஜிஐயிடம் ஏற்கெனவே சொந்தப் பாதை ஒன்று இருந்தது. தன் மிப்ஸ் சில்லுகளை நூற்றுக்கணக்கில் கோத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான நினைவகம் கொடுக்கும் ஆரிஜின் வரிசை. எண் வரிசைகளை மொத்தமாகக் கணக்கிடும் கிரேயின் வெக்டர் கணினிகள் அதற்குப் பொருந்தவில்லை. ஆல்ஃபா சில்லுகளில் ஓடிய டி3இ என்ற கிரே இயந்திரமும் பொருந்தவில்லை, அது நன்றாக ஓடியபோதும். அந்த டி3இ-தான் 1998-இல் நிஜமான அறிவியல் கணக்கொன்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகளைத் தாண்டிய முதல் கணினி. பெயர் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, எஸ்ஜிஐ விண்டோஸ் பக்கமும் இன்டெல் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. 1999-இல் கிரேவைத் தனிப் பிரிவாக ஒதுக்கியபோதே, விற்கத்தான் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்கு விற்றது பெரிய தவறு என்கிறார்களே, என்ன கதை?

மேலே சொன்ன அந்த சர்வர் குழு. எஸ்ஜிஐ மிப்ஸ் சில்லுக் கம்பெனி; இவர்கள் செய்வதோ போட்டியாளரான சன்னின் ஸ்பார்க் சில்லுகளில். நம் வீட்டில் எதிரி சரக்கு எதற்கு என்று 1996-லேயே அந்தப் பிரிவைச் சன்னிடமே தள்ளிவிட்டார்கள். 64 செயலிகள் வரை அடுக்கக்கூடிய அடுத்த இயந்திரம் கிட்டத்தட்டத் தயாராக இருந்தது. அதைச் சன் 1997-இல் என்டர்பிரைஸ் 10000 என்ற பெயரில் வெளியிட்டது. ஸ்டார்ஃபயர் என்ற செல்லப்பெயர் இன்னும் பிரபலம். இணையக் கம்பெனிகள் காளான் போல முளைத்த நேரம் அது. ஒன்று பத்து லட்சம் டாலர், அதற்கும் மேல் என்று விலை. ஆனாலும் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

எஸ்ஜிஐ கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என்பதோடு விட்டால் முழு நியாயம் ஆகாது. ஸ்பார்க் சில்லும் சோலாரிஸ் இயங்குதளமும் சன்னுடையவை. எஸ்ஜிஐ வைத்திருந்தாலும் விற்றிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் எதிரியிடமே கொடுத்தது, வணிக சர்வர் சந்தையில் எதிரியைத் தூக்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டெரா என்ற கம்பெனிக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

அவ்வளவு பணம் தேவைப்படவே இல்லை. 74 கோடிக்கு வாங்கியதை 2000-இல் எஸ்ஜிஐ கொடுத்தது சில கோடி டாலருக்கு. கொஞ்சம் ரொக்கம், கொஞ்சம் டெராவின் பங்குகள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான விலை.

டெரா 1987-இல் பர்ட்டன் ஸ்மித்தும் ஜேம்ஸ் ராட்ஸாக்கும் தொடங்கியது. சியாட்டிலில் இருந்தது. ஸ்மித்தின் யோசனை விசித்திரமானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. நினைவகத்திலிருந்து தரவு வரும்வரை செயலி காத்திருக்கிறதே, அதைத் தவிர்க்க எல்லோரும் இடையில் ஒரு வேக நினைவகம் வைத்தார்கள். இவர் அதை வைக்கவே இல்லை. ஒரு செயலிக்கு 128 வேலைகளைக் கொடுத்துவிட்டு, ஒன்று காத்திருந்தால் அடுத்ததற்குத் தாவு என்றார். டீக்கடையில் ஒரே ஆள் பத்துக் கிளாஸை வரிசையாக வைத்து ஆற்றுவது மாதிரி. அந்த இயந்திரம் சான் டியாகோ சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனது, அதற்கு மேல் வாடிக்கையாளர்கள் பெரிதாக வரவில்லை.

அப்படிப்பட்ட கம்பெனி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய பிரிவை வாங்கியது. வாங்கிய கையோடு தன் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு 'கிரே இன்க்' என்று மாற்றிக்கொண்டது. வாங்கியவர் வாங்கப்பட்டதின் பெயரைச் சூடிக்கொள்வது அபூர்வம். எஸ்ஜிஐ செய்யாமல் விட்டதும் அதுதான் என்பேன். டெராவுக்குத் தான் வாங்குவது எது என்று தெரிந்திருந்தது.

ஜப்பானின் என்இசியோடு என்ன தகராறு?

1996-இல் ஒரு வாடிக்கையாளர் என்இசி சூப்பர் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தார். யார் என்று யூகித்திருப்பீர்கள்: கிரே-1-ஐ முதலில் வாங்கிய அதே வளிமண்டல ஆய்வு மையம். அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று கிரே புகார் கொடுத்தது. 1997-இல் அமெரிக்க அரசு என்இசி இயந்திரங்கள்மேல் 454 சதவீதம் வரி போட்டது. அதாவது, வராதே என்று சொன்னது. 2001-இல் கிரே இன்க்குக்குப் பணத் தேவை. என்இசி முதலீடு செய்ய, பதிலுக்கு அதே என்இசி கணினிகளை அமெரிக்காவில் விற்கும் உரிமையைக் கிரே பெற, வரி நீங்கியது. வியாபாரத்தில் நிரந்தரப் பகை ஏது!

2000-க்குப் பிறகு கிரே எப்படிப் பிழைத்தது?

சான்டியா ஆய்வகத்துக்காகச் செய்த ரெட் ஸ்டார்ம் என்ற திட்டத்தால். கடையில் கிடைக்கும் ஏஎம்டி ஆப்டெரான் செயலிகள். அவற்றை இணைக்கும் வலைப்பின்னல் மட்டும் கிரேயின் சொந்தச் சரக்கு. அதையே எக்ஸ்டி வரிசை என்று எல்லோருக்கும் விற்றார்கள். ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஜாகுவார் 2009-லும், டைட்டன் 2012-லும் உலகில் முதலிடம் பிடித்தன. 2004-இல் கனடாவின் ஆக்டிகாபே, 2012-இல் கிளஸ்டர் கணினி செய்யும் ஆப்ரோ ஆகியவற்றை வாங்கியதும் இந்தக் காலத்தில்தான்.

இதில் விசித்திரமான ஒரு விற்பனையும் உண்டு. தன் உயிர்நாடியான அந்த வலைப்பின்னல் பிரிவை, 74 ஊழியர்களோடு, 2012-இல் இன்டெலுக்கு 14 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்டது. 74 கோடிக்கு மொத்தக் கம்பெனி விலைபோன காலத்தோடு ஒப்பிட்டால் நல்ல விலைதான். ஆனால் சில ஆண்டுகளில் ஸ்லிங்ஷாட் என்ற புதிய வலைப்பின்னலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டி வந்தது. இன்டெல் தரப்பில் அந்தத் துறையே நிலைக்கவில்லை. 2020-இல் கார்னலிஸ் என்ற கம்பெனியாகப் பிரித்துவிட்டார்கள். ஸ்லிங்ஷாட் மட்டும் பிழைத்து, இன்று எச்பிஇ-யின் பெரிய இயந்திரங்களை எல்லாம் பிணைத்து வைத்திருக்கிறது.

அமெரிக்கா இந்தியாவுக்குக் கிரே தர மறுத்ததா?

பாதி உண்மை. பருவமழைக் கணிப்புக்காக இந்தியா 1980-களில் கேட்டது கிரேயின் பெரிய ரகம். கொடுத்தால் அணு ஆயுதக் கணக்குக்குப் பயன்படுத்துவார்கள் என்று அமெரிக்கா இழுத்தடித்து, கடைசியில் எக்ஸ்-எம்பி-14 என்ற சின்ன ரகத்தை, கண்காணிப்பு நிபந்தனைகளோடு கொடுத்தது. அது டெல்லியில் வானிலை வேலைக்கு ஓடியது. மறுத்ததில் வந்த ரோஷம், புனேயில் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் தொடங்க ஒரு காரணமானது. 1991-இல் அதன் சூப்பர் கம்ப்யூட்டரான பரம் 8000 வந்தது.

காலம் மாறியது. 2018-இல் புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் வைத்த பிரத்யுஷ், நொய்டாவில் வைத்த மிஹிர் இரண்டுமே கிரே எக்ஸ்சி40 ரகம்தான்.

எச்பிஇ ஏன் 130 கோடி டாலர் கொடுத்தது?

அமெரிக்க எரிசக்தித் துறையின் எக்ஸாஸ்கேல் ஒப்பந்தங்கள் கிரேயின் கையில் இருந்தன. வினாடிக்கு 1-க்குப் பின் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் கணக்குப் போடும் கணினிகள் அவை. ஒரு பங்குக்கு 35 டாலர் விலை பேசி 2019 மே மாதம் அறிவித்தார்கள். 2022-இல் ஓக் ரிட்ஜின் ஃபிரான்டியர் அந்த எல்லையைத் தாண்டியது. 2024-இல் லிவர்மோரின் எல் கேப்பிட்டன் அதையும் முந்தியது. கிரே-3-க்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்தார்களே, அதே லிவர்மோர்.

எஸ்ஜிஐ என்ன ஆனது?

2006-இல் ஒருமுறை, 2009-இல் மறுமுறை திவால் மனு. இரண்டாவது முறை ரேக்கபிள் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி வாங்கி, டெரா செய்ததையே செய்தது: தன் பெயரை விட்டுவிட்டு எஸ்ஜிஐ ஆனது. 2016-இல் அதை 27.5 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? எச்பிஇ. ஆக, 2000-இல் பிரிந்த எஸ்ஜிஐயும் கிரேவும் 2019-இல் மறுபடி ஒரே கூரைக்கு அடியில். 'மினி கிரே' செய்த கான்வெக்ஸை, எச்பிஇ பின்னாளில் பிரிந்துவந்த தாய்க் கம்பெனியான எச்பி 1995-லேயே வாங்கியிருந்தது. டி3இ-யின் ஆல்ஃபா சில்லைச் செய்த டிஜிட்டல் கம்பெனி, காம்பேக் வழியாக 2002-இல் எச்பிக்கு வந்திருந்தது.

கன்ட்ரோல் டேட்டா?

சூப்பர் கம்ப்யூட்டருக்காக அது தொடங்கிய ஈடிஏ 1989-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு டிஸ்க் டிரைவ் பிரிவு சீகேட்டுக்குப் போனது. மிச்சம் இருந்தது செரிடியன் என்று பெயர் மாற்றி, மற்ற கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடும் தொழிலுக்குப் போய்விட்டது.

சிப்பெவா ஃபால்ஸில் இப்போது ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. 1962-இல் சீமோர் கிரே கேட்டுக்கொண்டபடி கன்ட்ரோல் டேட்டா அங்கே ஆய்வகம் கட்டியது. அன்றிலிருந்து அந்த ஊர் கணினி செய்கிறது. 2000-இல் டெராவுக்கு விற்றபோது எஸ்ஜிஐ ஊரை விட்டுப் போகவில்லை. தன் தொழிற்சாலையை அங்கேயே வைத்துக்கொண்டது. கிரே இன்க் தொழிற்சாலையும் அதே ஊரில். முந்தைய நாள் வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் போட்டிக் கம்பெனிகளின் ஊழியர்கள் ஆனார்கள். எச்பிஇ இரண்டையும் வாங்கிய பிறகு எல்லோருக்கும் மறுபடி ஒரே அடையாள அட்டை. 1990-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஊர் மாறாமல், வேலை மாறாமல் இருந்த ஒருவரின் சம்பள ரசீதில் கிரே ரிசர்ச், எஸ்ஜிஐ, கிரே இன்க், எச்பிஇ என்று நான்கு பெயர்கள் வந்திருக்கும்.